உங்களுக்குப் பிடித்த புத்தகம் எது?

"உங்களுக்குப் படிக்கும் பழக்கம் உண்டா? பிடித்த புத்தகம் எது? அது ஏன் பிடிக்கும்?"

இந்த மூன்று கேள்விகளும் இவ்வாண்டு எங்கள் காதில் விழுந்த அளவுக்கு வேறெந்தக் கேள்வியும் விழுந்ததில்லை. பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்குச் சனிக்கிழமைதோறும் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி நடைபெறுவதைப் பெற்றோர்கள் அறிவார்கள். மேசையின்மேல் அட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். ஒன்றை எடுக்க வேண்டும். ஒரு நிமிடம் சிந்திக்கலாம். பிறகு எழுந்து நின்று, அட்டையில் உள்ள பொருளைப் பற்றி இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். டீச்சர் கையில் கடிகாரத்துடன் அமர்ந்திருப்பார். சன்னலுக்கு வெளியே, சேலம் சந்திப்பை நெருங்கும் இரயிலின் கூவல் கேட்கும். அந்த இரயிலில் ஏறி எங்கேயாவது போய்விடலாமா என்றுகூட எங்களுக்குத் தோன்றியதுண்டு!

அட்டைகளுள் எங்களுக்கு மிகவும் பிடித்தது 'படிக்கும் பழக்கம்' என்ற அட்டைதான். ஏனென்றால் அதற்கு விடை தயாராக இருந்தது. மூத்த மாணவியர் விட்டுச் சென்ற நோட்டுப் புத்தகத்தில் அழகான கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது. 'மை ஹாபி இஸ் ரீடிங் புக்ஸ்' என்று அது தொடங்கும். அப்துல் கலாம் அவர்களின் 'அக்கினிச் சிறகுகள்' நூலை ஆங்கிலத்தில் படித்ததாகவும், அது தன்னம்பிக்கை தருவதாகவும், எல்லோரும் அதைப் படிக்க வேண்டும் என்றும் சொல்லி முடியும். நாங்கள் அதை மனப்பாடம் செய்தோம். எங்கள் குழுவில் யார் அந்த அட்டையை எடுத்தாலும் 'அக்கினிச் சிறகுகள்'தான்! 1999-ஆம் ஆண்டு வெளிவந்த அந்த நல்ல நூலை எங்களுள் ஒருத்திகூட முழுமையாகப் படித்ததில்லை என்பதை இங்கே வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

அப்படியானால் நாங்கள் எதையுமே படிப்பதில்லையா? படிக்கிறோம். அம்மா வாங்கும் வார இதழில் தொடர்கதையைத் தேடிப் படிக்கிறோம். நூலகத்திலிருந்து எடுத்த 'பொன்னியின் செல்வ'னை அண்ணன் தம்பியுடன் சண்டை போட்டுக்கொண்டு படிக்கிறோம். பேய்க்கதை, துப்பறியும் கதை, சித்திரக்கதை எல்லாம் படிக்கிறோம். சிலர் இயற்பியல் புத்தகத்துக்குள் வைத்தும் படிக்கிறோம்! ஆனால் இவற்றில் எதையும் அந்த மேசையின் முன் நின்று சொல்ல எங்களுக்குத் துணிவு வரவில்லை. ஆங்கிலப் பயிற்சியில் தமிழ்ப் புத்தகத்தின் பெயரைச் சொன்னால் மதிப்பெண் குறையும் என்றும், பார்ப்பவர்கள் குறைவாக நினைப்பார்கள் என்றும் நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம். அப்படி எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

இந்நிலையில்தான் ஒரு சனிக்கிழமை அந்த அட்டை எங்கள் தோழி ஒருத்தியின் கைக்கு வந்தது. அவள் அதிகம் பேசாதவள். மூத்த மாணவியரின் நோட்டுப் புத்தகம் அவளிடம் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. அவள் எழுந்து நின்றாள். சிறிது நேரம் தரையைப் பார்த்தாள். பிறகு, "மை ஃபாதர் ஹேஸ் எ டீ ஷாப். எவ்ரி மார்னிங் ஐ ரீட் தமிழ் நியூஸ்பேப்பர்" என்றாள்.

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தோம். சிரித்தவர்களில் நாங்களும் உண்டு.

டீச்சர் சிரிக்கவில்லை. "கோ ஆன்" என்றார். அவள் தட்டுத் தடுமாறிப் பேசினாள். விடியற்காலையில் கடைக்குச் செய்தித்தாள் வந்துவிடும். டீ குடிக்க வருபவர்களுள் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களும், கண்ணாடி இல்லாதவர்களும் உண்டு. அவர்களுக்காக இவள் உரக்கப் படிப்பாள். ஒரு பெரியவர் நாள்தோறும் வருவார். அரசியலோ சினிமாவோ அவருக்கு வேண்டாம். பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "பாப்பா, மேட்டூர்ல இன்னைக்கு எத்தனை அடிங்கம்மா?"

அந்தப் பெரியவருக்கு மேட்டூர்த் தண்ணீர் பாயும் நிலம் ஒரு சென்ட்கூட இல்லையாம். அவருடைய மகளைத் தஞ்சாவூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறார். வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி அணையைத் திறந்தால்தான் அங்கே குறுவை நடவு நடக்கும். 120 அடி கொள்ளக்கூடிய அணையில் தண்ணீர் ஏறினால், அன்று அவர் இன்னொரு டீ வாங்குவார். இறங்கினால் பேசாமல் எழுந்து போய்விடுவார். இதையெல்லாம் அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். இடையில் ஒரு சொல் கிடைக்காமல் நின்றுவிட்டாள். 'மதகு' என்பதற்கு ஆங்கிலம் தெரியவில்லை. இரண்டு கைகளாலும் கதவைத் தூக்குவதுபோல் காட்டி, "டோர் ஆஃப் தி டேம்" என்றாள். டீச்சர், "ஸ்லூஸ்" என்று எடுத்துக் கொடுத்தார். "யெஸ், ஸ்லூஸ்" என்று அவள் தொடர்ந்தாள். இரண்டு நிமிடம் முடிந்தது. மூன்றும் முடிந்தது. டீச்சர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. சிரித்த நாங்களும் வாய் மூடிக் கேட்டுக்கொண்டிருந்தோம். 'ஸ்லூஸ்' என்ற சொல் அன்று முதல் எங்கள் ஒருவருக்கும் மறக்கவில்லை.

அவள் அமர்ந்த பிறகு டீச்சர் எங்கள் பக்கம் திரும்பினார். "அக்கினிச் சிறகுகள் படித்தவர்கள் எல்லோரும் கையைத் தூக்குங்கள்" என்றார். வேறு வழியின்றித் தூக்கினோம். "சிறு வயதில் கலாம் முதன்முதலில் என்ன வேலை செய்து சம்பாதித்தார்?" என்று கேட்டார். ஒரு கையும் மேலே நிற்கவில்லை.

பிறகு நூலகத்தில் தேடிப் பிடித்துப் படித்தோம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், இராமேசுவரம் நிலையத்தில் இரயில் நிற்பது நிறுத்தப்பட்டிருந்தது. ஓடும் இரயிலிலிருந்து செய்தித்தாள் கட்டுகளை வெளியே வீசுவார்கள். ஊரில் பத்திரிகை விநியோகம் செய்து வந்த அவருடைய உறவினர் சம்சுதீனுக்கு உதவியாக, அந்தக் கட்டுகளைப் பிடிப்பதுதான் சிறுவன் கலாமின் முதல் வேலை. அதுவே அவருடைய முதல் சம்பாத்தியம். இதைப் படித்தபோது எங்களுக்கு உண்டான வெட்கத்தை எப்படிச் சொல்வது? அந்த நூலை நாங்கள் உண்மையிலேயே படித்திருந்தால், டீக்கடையில் செய்தித்தாள் படிக்கும் பெண்ணைப் பார்த்துச் சிரித்திருக்க மாட்டோம். படித்ததாகச் சொன்னவர்கள் சிரித்தோம். படிக்காதவளோ அந்த நூலில் உள்ள சிறுவனைப் போலவே வாழ்ந்துகொண்டிருந்தாள்.

அன்று முதல் நாங்கள் கொண்டிருக்கும் கருத்து இதுதான். ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியில் பிடித்த புத்தகத்தைப் பற்றிக் கேட்டால், உண்மையில் படித்ததை, உண்மையில் பிடித்ததைச் சொல்ல வேண்டும். அது தமிழாக இருந்தாலும் சரி, வார இதழாக இருந்தாலும் சரி. உண்மை பேசுவது நற்பண்பு என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஆங்கிலம் வளருவதற்கும் அதுவே வழி என்பதால் சொல்கிறோம்.

இது பெரிய தேர்வுகளுக்கு ஒத்து வருமா என்று சிலர் ஐயுறலாம். எங்களுள் ஒருத்தியின் அக்கா செவிலியர் படிப்பை முடித்து, வெளிநாடு செல்வதற்காக 'ஐ.இ.எல்.டி.எஸ்.' என்னும் ஆங்கிலத் தேர்வை எழுதியவர். 1989-ஆம் ஆண்டிலிருந்து நடந்துவரும் இத்தேர்வில், பிரிட்டனில் செவிலியராகப் பதிவு பெற விரும்புவோர் பேச்சுப் பகுதியில் 9-க்கு 7 புள்ளியாவது பெற வேண்டும். பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம் வரை நடக்கும். முதற்பகுதியில் வீடு, படிப்பு, பொழுதுபோக்கு போன்றவற்றைக் கேட்பார்கள். இரண்டாம் பகுதியில் எங்களுக்குத் தருவது போலவே ஓர் அட்டை தருவார்கள். மூன்றாம் பகுதியில் அதே பொருளைப் பற்றி மேலும் ஆழமாகக் கேட்பார்கள்.

மதிப்பெண் எதற்கு என்று அந்த அக்காவைக் கேட்டோம். தடையின்றித் தொடர்பாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்குக்கும் சமமாக மதிப்பெண் உண்டு என்றார். நாம் சொல்லும் புத்தகம் பெரியதா சிறியதா, எந்த மொழியில் உள்ளது என்பதற்குத் தனியாக மதிப்பெண்ணே கிடையாது! மனப்பாடம் செய்த விடையைத் தேர்வாளர் எளிதில் கண்டுபிடித்துவிடுவார். அது நமக்குப் பாதகமாகவே முடியும். "மனப்பாடம் பண்ணினது ரெண்டாவது பகுதி வரைக்கும்தான் கூட வரும். மூணாவதுல 'ஏன்?'னு கேட்பாங்க. அப்போ நாமதான் பேசணும்" என்று அந்த அக்கா சொன்னது எங்களுக்கு நன்றாகப் புரிந்தது. நாங்கள்தாம் அந்த 'ஏன்?' முன்னால் ஒருமுறை கையிறங்கி நின்றவர்களாயிற்றே!

அந்நிய மொழியில் பேசக் கற்பவர்களுக்கு எது நல்ல புத்தகம் என்ற கேள்வி நம் நாட்டுக்குப் புதியதன்று. நமது பள்ளியில் எல்லோரும் அறிந்த வீரமாமுனிவரை எடுத்துக்கொள்வோம். அவர் 1680-ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்தவர். இங்கே வந்து தமிழ் கற்றுத் 'தேம்பாவணி' பாடினார்; 1732-இல் 'சதுரகராதி' தொகுத்தார். தம்மைப்போல் வெளிநாட்டிலிருந்து வந்து பேச்சுத் தமிழ் கற்பவர்கள் படிப்பதற்கு அவர் என்ன எழுதிக் கொடுத்தார் தெரியுமா? 'பரமார்த்த குருவின் கதை'! ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதித்துப் பார்க்கும் மூடச் சீடர்களின் கதை அது. பிற்காலத்தில் 1822-ஆம் ஆண்டு இலண்டனில் பாபிங்டன் என்பவர் அதை ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சிட்டதும் தமிழ் கற்கும் ஆங்கிலேயர்களுக்காகவே. காவியம் பாட வல்ல அந்த மாமுனிவர், பேசப் பழகுபவன் கையில் காவியத்தைக் கொடுக்கவில்லை. வயிறு குலுங்கச் சிரிக்கும் கதையைக் கொடுத்தார். சிரித்தவன் அதை இன்னொருவனுக்குச் சொல்ல விரும்புவான். சொல்லச் சொல்ல மொழி நாவில் படியும். இதனை அவர் அறிந்திருந்தார் என்பதில் ஐயமில்லை.

நமது ஊரிலிருந்தே இன்னொரு சான்றும் கூறலாம். இராஜாஜி அவர்கள் சேலத்தில் வக்கீலாக இருந்தவர். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சியின் தலைவராக இருந்தவர். 1948-இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் ஆனவர். அவருடைய ஆங்கிலத்தை ஆங்கிலேயரும் மெச்சினர். அவர் எழுதிய மகாபாரதக் கதை முதலில் தமிழில் 'வியாசர் விருந்து' ஆயிற்று. பிறகு 1951-இல் ஆங்கில நூலாக வெளிவந்து நாடெங்கும் பரவியது. தமிழில் சுவைத்ததை ஆங்கிலத்தில் சொல்வதை அவர் தாழ்வாக நினைக்கவில்லை. அண்மையில், திருச்செங்கோட்டுக்காரரான பெருமாள்முருகன் தமிழில் எழுதிய 'பூக்குழி' நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு, 2023-ஆம் ஆண்டின் சர்வதேசப் புக்கர் பரிசுக்கான நெடும்பட்டியலில் இடம் பெற்றது. நமது பக்கத்து ஊர்த் தமிழ்ப் புத்தகத்தைப் பற்றி இலண்டனில் ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். சூரமங்கலத்தில் நாங்கள் பேசக் கூசுவானேன்?

பெற்றோர்களின் மனத்தில் எழும் மறுப்பையும் நாங்கள் அறிவோம். "தமிழ்க் கதையையே படித்துக்கொண்டிருந்தால் ஆங்கிலம் எப்படியம்மா வரும்?" என்று எங்கள் வீடுகளில் கேட்காத நாளில்லை. இக்கேள்வி நியாயமானதே. தமிழ் மட்டும் படித்தால் ஆங்கிலம் வராது. ஆங்கிலச் சொற்களும் வாக்கிய அமைப்பும் ஆங்கிலம் படித்தால்தான் வரும். அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் எந்த ஆங்கிலம்? ஒரு பக்கத்துக்கு முப்பது சொற்களுக்கு அகராதி புரட்ட வேண்டிய புத்தகத்தை மேசைமேல் வைத்து, நான்காம் பக்கத்தோடு மூடி வைத்து, அதையே 'பிடித்த புத்தகம்' என்று சொல்வதால் என்ன பயன்? எங்களால் முடிக்கக்கூடிய சிறு புத்தகம் ஒன்று போதும். ஆர். கே. நாராயண் 1935-இல் எழுதிய 'சுவாமியும் நண்பர்களும்' நூலில் வரும் பையனுக்குத் திங்கட்கிழமையே பிடிக்காது. அவனை எங்களுக்கு உடனே பிடித்துவிட்டது! எங்களுள் நால்வர் அந்நூலை ஆங்கிலத்தில் முடித்துவிட்டோம் என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

நாங்கள் இப்பொழுது கையாளும் முறையையும் தங்கைகளுக்காக இங்கே சொல்கிறோம். மிகவும் எளிதானதுதான். தமிழோ ஆங்கிலமோ, விருப்பமான ஒன்றைப் பத்துப் பக்கம் படிக்கிறோம். புத்தகத்தை மூடிவிடுகிறோம். மதிய உணவு வேளையில் வேப்ப மரத்தடியில் அமர்ந்து, படித்ததைத் தோழிக்கு இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் சொல்கிறோம். கேட்பவள் "ஏன்?", "அப்புறம்?" என்று இரண்டு கேள்விகளாவது கேட்க வேண்டும். சொல் கிடைக்காத இடத்தில் கையால் காட்டலாம், தமிழிலும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சொல்லை நோட்டில் குறித்து, மறுநாள் டீச்சரிடம் கேட்டே ஆக வேண்டும். 'மதகு' போல எங்களுக்கு இதுவரை அகப்பட்ட சொற்கள் பல. 'கொலுசு', 'திண்ணை', 'நாத்தனார்' என்று ஒவ்வொன்றும் எங்களைத் திணற அடித்தன. 'நாத்தனா'ருக்கும் 'கொழுந்தியா'ளுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தானாம்! மூத்த மாணவியரின் நோட்டுப் புத்தகத்தை மனப்பாடம் செய்திருந்தால் இந்த வேடிக்கை எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

இறுதியாக மூவரிடம் மூன்று விண்ணப்பங்கள்.

மதிப்பிற்குரிய சிஸ்டர்களுக்கும் ஆசிரியைகளுக்கும்: நூலக வேளையில் எங்கள் விருப்பம்போல் ஒரு புத்தகம் எடுக்க விடுங்கள். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூலும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகரும் உண்டு என்று நமது தமிழ்நாட்டைச் சேர்ந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1931-ஆம் ஆண்டிலேயே நூலக விதிகளுள் வகுத்து வைத்தார் அல்லவா? நாங்கள் தேர்ந்தெடுத்தது சிறிதாக இருந்தாலும், அதைப் பற்றி எங்களிடம் "ஏன்?" என்று ஆங்கிலத்தில் கேளுங்கள். அந்தக் கேள்வியே எங்களை அடுத்த புத்தகத்துக்கு அழைத்துச் செல்லும்.

அன்புள்ள பெற்றோர்களுக்கு: விருந்தினர் முன்னால் எங்களை நிறுத்தி, "இங்கிலீஷ்ல ஏதாவது பேசிக் காட்டு" என்று சொல்லாதீர்கள். அப்போதுதான் மனப்பாடம் வாய்க்கு வருகிறது. இரவு உணவின்போது, "இன்று என்ன படித்தாய்?" என்று தமிழில் கேளுங்கள். தமிழில் சொல்லத் தெரிந்த கதையை ஆங்கிலத்திலும் சொல்ல நாங்கள் கற்றுக்கொள்வோம்.

அருமைத் தங்கைகளுக்கு: மூத்த மாணவியரின் அந்த நோட்டுப் புத்தகம் இப்போது எங்களிடம்தான் இருக்கிறது. அதை உங்களுக்கு விட்டுச் செல்லப் போவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். அதற்குப் பதிலாக அன்று எங்கள் தோழி சொல்லித் தந்ததை விட்டுச் செல்கிறோம். நீங்கள் படிப்பதைக் குறித்து வெட்கப்படாதீர்கள். பிறர் படிப்பதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள்.

அவளிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். "அதுக்கென்னடி" என்று சொல்லிவிட்டாள். சென்ற வாரம் எங்களில் சிலர் அவள் அப்பாவின் கடைக்குப் போயிருந்தோம். பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்ததால் செய்தித்தாளை எங்களிடம் நீட்டினாள். கான்வென்ட் மாணவியராகிய நாங்கள் அன்றுதான் முதன்முதலாகப் பிறருக்காக ஒரு செய்தித்தாளை உரக்கப் படித்தோம். எங்கள் குரல் நடுங்கியது. "இன்னுங் கொஞ்சம் சத்தமாப் படிங்கம்மா" என்றார் பெரியவர்.

அடுத்த சனிக்கிழமை அந்த அட்டை எங்களுள் யாருக்கு வந்தாலும் சொல்வதற்கு ஒன்று இருக்கிறது.

— பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தோழியர் சார்பில்